ஆறு என்று எழுதினேன், பதினொன்று பதில் சொன்னது

1. லேபிள் வரவில்லை

முதல் போன் பேக்கிங் ஹாலில் இருந்து வந்தது. "மேடம், லேபிள் வரல."

எங்கள் ஷூ ஃபேக்டரியில் இந்தப் போன் வாரத்துக்கு மூன்று முறை வரும். ரிப்பன் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டு போவதற்குள் கட்டிங் செக்‌ஷன் கூப்பிட்டது. அடுத்து ஸ்டோர்ஸ். அதற்கும் அடுத்து கேட் செக்யூரிட்டி. அவருடைய கம்ப்யூட்டரில் லாரி நம்பரே ஏறவில்லையாம்.

சனிக்கிழமை, காலை பதினொரு மணி சுமார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சிஸ்டம்ஸ் பிரிவில் நான் இரண்டாவது ஆள். பெயர் கிரேஸ். ஊர் வேலூர். தொண்ணூறுகளில் டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்து சேர்ந்தவள். காலையில் பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் அதே ரூட்டில் திரும்பிப் போய்விடுவேன். எனக்கு மேலே மேனேஜர் சம்பத் சார். எங்கள் பிரிவு மொத்தமே நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏ.சி. மெஷினும்தான். ஏ.சி. கம்ப்யூட்டர்களுக்காகப் போட்டது, எங்களுக்காக இல்லை.

சம்பத் சார் எழுந்து போய் நெட்வொர்க் ஸ்விட்ச் முன்னால் நின்றார். எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி அது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. தகவல் போக வர அது சிமிட்டும். அன்றைக்கு ஒரு விளக்கும் சிமிட்டவில்லை. எல்லாம் சேர்ந்து விடாமல் எரிந்துகொண்டிருந்தன.

"கிரேஸ், இன்னா இது? தீபாவளி மாதிரி இருக்குது."

பதில் சென்னையில் இருந்து வந்தது. எங்களுக்கு சர்வர் சப்போர்ட் கொடுக்கும் இன்ஜினியர் போன் செய்தார். உலகம் பூராவும் ஒரு புழு கிளம்பியிருக்கிறது, டேட்டாபேஸ் சர்வர்களைத்தான் பிடிக்கிறது, பிடித்த சர்வர் நெட்வொர்க் முழுக்கக் கத்த ஆரம்பிக்கும், அந்தக் கத்தலில் வேறு எதுவும் காதில் விழாது என்று மூச்சு விடாமல் சொன்னார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"ஆனா உங்க சர்வருக்கெல்லாம் பேட்ச் போட்டுட்டீங்களே மேடம்? பையருக்குக் குடுத்த லிஸ்ட்டுல அப்படித்தானே இருக்கு?"

டம்ளரைக் கீழே வைத்தேன். டீ அதற்குள் ஆறிப் போயிருந்தது.

2. டிட்டோ

பேட்ச் என்றால் ஒட்டு. சைக்கிள் டியூபுக்குப் போடுகிற மாதிரி, சாஃப்ட்வேரில் ஓட்டை தெரிந்தால் அதைச் செய்த கம்பெனியே ஒரு சின்ன ஃபைல் அனுப்பும். அதைப் போட்டோமா இல்லையா என்பதை வெர்ஷன் நம்பரின் கடைசி மூன்று எண் காட்டிக்கொடுக்கும். எங்களிடம் இருந்த டேட்டாபேஸில் 194 என்று முடிந்தால் பெட்டியில் இருந்து எடுத்தபடியே ஓடுகிறது, ஒட்டே இல்லை என்று அர்த்தம். எண் ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எங்களிடம் ஷூ வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி, அதாவது எங்கள் பையர், ஒரு ஃபாரம் அனுப்பியிருந்தது. அவர்களுடைய ஆர்டர் சிஸ்டத்தோடு எங்களுக்கு நேரடி லைன் இருந்தது. லைன் வைத்திருக்கிற சப்ளையர் எல்லோரும் தங்களிடம் எத்தனை டேட்டாபேஸ் சர்வர் இருக்கிறது, ஒவ்வொன்றின் வெர்ஷன் என்ன என்று நேரில் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆம்பூரில் நான்கு, பேரணாம்பட்டு யூனிட்டில் ஒன்று, ராணிப்பேட்டையில் ஒன்று என்று மொத்தம் ஆறு. முதல் சர்வரில் உட்கார்ந்து வெர்ஷன் கேட்டேன். நல்ல நம்பர் வந்தது, எழுதிக்கொண்டேன். இரண்டாவதற்கு எழுந்தபோது சம்பத் சார் சொன்னார்.

"எல்லாம் ஒரே சிடியில இருந்து போட்டதுதானே? ஒண்ணு பாத்தா போதும். மத்ததுக்கு டிட்டோ போட்டு அனுப்பு. ஃபேக்ஸ் போவணும்."

ஐந்து வரிக்கு டிட்டோ போட்டேன். "நேரில் சரிபார்த்தேன்" என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சார் சொன்னார், செய்தேன் என்று இவ்வளவு காலம் கழித்துச் சொல்வது சுலபம். உண்மை என்னவென்றால், அன்றைக்கு எனக்கும் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

3. சிடி பஸ் ஏறியது

ஆறு சர்வரையும் நெட்வொர்க்கில் இருந்து கழற்றினோம். நெட் இல்லாத ஆபீசில் பேட்சை எங்கிருந்து இறக்குவது? ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரௌசிங் சென்டருக்கு ஆட்டோவில் போனேன். பத்தாம் வகுப்புப் பையன்கள் கேம் ஆடிக்கொண்டிருந்த இடத்தில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஃபைலை இறக்கி மூன்று சிடி எழுதி வாங்கினேன்.

ஒன்று ஆம்பூருக்கு. ஒன்றை எங்கள் வேன் டிரைவர் ராணிப்பேட்டைக்குக் கொண்டு போனார். மூன்றாவதைப் பேரணாம்பட்டு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து, "நம்ம யூனிட் ஸ்டோர்கீப்பர் டில்லி ஸ்டாப்ல நிப்பாரு, குடுத்துருங்கண்ணே" என்றேன். அவர் டிக்கெட் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் எங்களுடைய மிக வேகமான லைன் அதுதான்.

டில்லிக்கு ஸ்டோர்ஸில் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் தெரியும். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் தள்ளி நிற்பார். போனில் வழி சொன்னேன்.

"வெர்ஷன்னு கேட்டு என்டர் பண்ணீங்களா? இன்னா வந்துச்சு? படிங்க."

"நெறைய வந்துக்குது மேடம். எல்லாம் இங்கிலீஷ்."

"அதுல முதல் வரியில நம்பர் இருக்கும் பாருங்க."

"எட்டு... புள்ளி... முட்டை முட்டை... புள்ளி... நூத்தித் தொண்ணூத்தி நாலு."

194. நான் டிட்டோ போட்ட சர்வர்.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒரே சிடியில் இருந்து போட்டது என்னவோ நிஜம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றுக்கு ஹார்ட் டிஸ்க் போய்த் திரும்பப் போட்டிருந்தோம். இன்னொன்றுக்குப் போட்ட பேட்ச் பாதியில் நின்றிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மீதிக்குப் பேட்சே போய்ச் சேரவில்லை. ஆறில் ஒன்று மட்டும் நான் எழுதியபடி இருந்தது. நான் பார்த்த அந்த ஒன்று.

4. மேஜைக்கு அடியில்

மூன்று மணிக்கு ஆறு சர்வருக்கும் பேட்ச் போட்டு முடிந்தது. எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்தோம். சம்பத் சார் சாமி கும்பிட்டார், நானும் மனதுக்குள் ஜெபம் பண்ணினேன், கேபிள்களைச் செருகினோம்.

நாலே நிமிஷம். விளக்குகள் மறுபடியும் விடாமல் எரிந்தன.

"ஆறும் சுத்தமாச்சே! அப்புறம் யாரு கத்துறது?" சம்பத் சார் கேட்டார்.

ஏழாவதாக ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்விட்ச்சில் இருந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்தேன். கட்டிங் கேபிளைப் பிடுங்கினேன், மாற்றம் இல்லை. ஸ்டோர்ஸ், அதுவும் இல்லை. தோல் பதனிடும் டேனரி பில்டிங் கேபிளைப் பிடுங்கியதும் பாதி விளக்குகள் அடங்கின. பாதிதான். அப்படியானால் இரண்டு இருக்கிறது.

மேலும் நாலைந்து பிடுங்கினேன். லேபிள் ஒட்டாத ஒரு சாம்பல் நிறக் கேபிளை இழுத்ததும் மொத்த ஸ்விட்ச்சும் அமைதியானது.

அது எங்கே போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டே பின்தொடர்ந்தேன். பீரோவுக்குப் பின்னால் போனது, கதவு ஓரமாகத் திரும்பியது, மேஜைகளுக்கு அடியில் நுழைந்தது. முட்டி போட்டுத் தவழ்ந்து போனேன். தூசியில் இரண்டு தும்மல். கேபிள் ஒரு மேஜைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டருக்குள் போய் முடிந்தது. தலையை வெளியே நீட்டினேன். மேஜை மேல் என் டிபன் பாக்ஸ் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கணக்குக்கு என்று ஒரு சாஃப்ட்வேரைச் சும்மா போட்டுப் பார்த்திருந்தேன். பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். அது தன் வயிற்றுக்குள் ஒரு சின்ன டேட்டாபேஸ் சர்வரையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

சம்பத் சார் என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

5. அளவு ரூம்

இன்னொன்று டேனரி பில்டிங்கில். அங்கே எங்கள் கணக்குப்படி சர்வரே கிடையாது. அங்கே கேபிள்கள் சேரும் சின்னப் பெட்டியான ஹப்பில் இருந்து போன ஒரு கேபிள் ஜன்னல் வழியாக வெளியேறி, சுவர் மேலே ஏறி, பக்கத்து அறைக்குள் இறங்கியிருந்தது. அது அளவு ரூம்.

முடிந்த தோலை அங்கே மெஷினுக்குள் விடுவார்கள். உருளைகளுக்கு நடுவே தோல் ஓடி வெளியே வருவதற்குள் அதன் பரப்பு எத்தனை சதுர அடி என்று பக்கத்துக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அதைத் தோலின் உள்பக்கம் எழுதுவார்கள். மெஷினை ஓட்டுகிறவர் அன்வர் பாய். நாற்பது வயது இருக்கும், பேச்சில் எப்போதும் ஒரு குறும்பு.

"அன்வர் பாய், உங்க கம்ப்யூட்டரை உடனே நிறுத்தணும்."

"இன்னும் அறுபது பீஸ் இருக்குது மேடம். லாரி வெளிய நிக்குது. இப்ப நிறுத்தினா பேஜாராயிடும்."

"எல்லாம் ஒரே லாட் தானே பாய்? ஒண்ணை அளந்துட்டு அறுபதால பெருக்கிக்கோங்களேன்."

அவர் சிரித்துவிட்டார். "லாட் ஒண்ணுதான் மேடம். ஆடு வேற வேற."

எனக்குச் சுருக்கென்றது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, என் ஃபாரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, அறுபது பீஸையும் அவர் அளந்து முடிக்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வெர்ஷன் பார்த்தேன். 194. மெஷினோடு வந்த சாஃப்ட்வேருக்குள்ளும் அதே மாதிரி ஒரு குட்டி சர்வர் ஒளிந்திருந்தது.

"இந்தக் கேபிளை யாரு இழுத்தது பாய்?"

அவர் முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டது. "நான்தான் மேடம். தெனம் மூணு வாட்டி ஃப்ளாப்பியை எடுத்துக்கினு உங்க ஆபீஸ் வரிக்கும் பிரிண்ட் எடுக்க நடக்கணும். பாதி நாள் ஃப்ளாப்பி படிக்காது, திரும்ப நடக்கணும். கனெக்சன் குடுங்கன்னு ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்தேன். ஜவாபே இல்ல. அதான் நானே... வேலை போய்டுமா மேடம்? வீட்ல மூணு பொண்ணுங்க."

"போகாது" என்று சொன்னேன். சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

6. பேர் சொல்லிக் கூப்பிட்டேன்

என் மேஜைக்கும் அளவு ரூமுக்கும் பேட்ச் போட்டு, கேபிள்களைத் திரும்பச் செருகி, நெட்வொர்க் அமைதியான பிறகு, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நெட்வொர்க்கில் யார் யார் டேட்டாபேஸ் சர்வர் என்று சத்தமாகக் கேட்கும் ஒரு கட்டளை உண்டு. உயிரோடு இருப்பவை தங்கள் பெயரைச் சொல்லும். கேட்டேன். ஒன்பது பெயர் வந்தது. சந்தேகத்தில் இன்னொரு முறை கேட்டேன். பதினொன்று. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரிதான். ஒரே முறை கூப்பிட்டுவிட்டு ஆப்சென்ட் போடக்கூடாது.

பதினொரு பெயரையும் ஒரு ஃபைலில் போட்டேன். அந்தப் பெயர்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொரு சர்வரிடமும் போய் "உன் வெர்ஷன் என்ன" என்று கேட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிற மாதிரி எட்டு வரியில் ஒரு சின்ன பேட்ச் ஃபைல் எழுதினேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் இது ஒட்டு இல்லை, கட்டளைகளை அடுக்கி வைக்கிற ஃபைல். ஓடி முடிய மூன்று நிமிஷம் ஆனது. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த மூன்று நிமிஷம்தான் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஆறு, என் மேஜை, அளவு ரூம், இவை போக இன்னும் மூன்று. அட்டெண்டன்ஸ் மெஷின், பேட்டர்ன் வெட்டும் மெஷின், கழிவுநீர் பிளான்ட் லேப். அந்த மூன்றிலும் இருந்தது இதற்கும் முந்தைய தலைமுறை சாஃப்ட்வேர், புழு தேடிய ஓட்டையே அதில் கிடையாது என்பதால் அது அவற்றைத் தொடவில்லை. அவை தப்பித்தது அதிர்ஷ்டத்தால்தான், எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

அதற்குள், எங்கள் பக்கத்தில் இருந்து கத்தல் வருவதைப் பார்த்து, பையர் எங்கள் லைனைத் துண்டித்துவிட்டிருந்தார்கள். எல்லா சர்வரின் உண்மையான பட்டியல் வராமல் திறக்க மாட்டோம் என்று ஃபேக்ஸ் வந்திருந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் பேக்கிங் லிஸ்ட் அந்த லைன் வழியாகப் போனால்தான் எங்கள் கன்டெய்னர் அந்த வாரக் கப்பலில் ஏறும்.

7. திங்கட்கிழமை

காலை ஒன்பதரைக்கு எம்.டி. ரூமுக்குக் கூப்பிட்டார்கள். போகும் வழியில் சம்பத் சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"புது லிஸ்ட்டை மட்டும் குடுப்போம். பழைய ஃபாரம் பத்திப் பேச வேணாம். கேட்டா, டேனரியில ஒருத்தன் கேட்காம கேபிள் இழுத்துட்டான், அது வழியா வந்துச்சுன்னு சொல்லிடலாம். பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். உண்மையில் நாலில் ஒரு பங்கு.

உள்ளே அன்வர் பாய் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். கேபிள் விஷயம் எங்களுக்கு முன்னாலேயே எம்.டி. காதுக்குப் போயிருந்தது. கையில் தொப்பியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எம்.டி. அவரைத்தான் பார்த்துக் கேட்டார். "யாரைக் கேட்டு கேபிள் இழுத்தே?"

"தப்புதான் சாப்."

"கப்பல் போய்டும். தெரியுமா உனக்கு?"

அன்வர் பாய் தலையைக் குனிந்தார். சம்பத் சார் ஜன்னலைப் பார்த்தார். என் பையில் மூன்று காகிதம் இருந்தன. காலையில் சீக்கிரம் வந்து பழைய ஃபைல்களில் தேடி எடுத்தவை. எடுத்து மேஜையில் வைத்தேன்.

"சார், இது அன்வர் பாய் கனெக்‌ஷன் கேட்டு எழுதின சீட்டு. ரெண்டு தடவை எழுதியிருக்காரு. ரெண்டாவது சீட்டுல 'பெறப்பட்டது'ன்னு இருக்கிற இனிஷியல் என்னோடது. நாங்க பதில் சொல்லல. அப்புறம் பையர் கேட்ட ஃபாரம். அதுல ஆறு சர்வரையும் நேர்ல பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒண்ணைத்தான் பார்த்தேன். சுத்திப் பார்த்திருந்தா அன்னைக்கே இந்தக் கேபிளும் கண்ணுல பட்டிருக்கும். பேட்ச் போட்ட பிறகும் கத்தின சர்வர் ரெண்டு. அதுல ஒண்ணு என் மேஜை."

எம்.டி. சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் மேஜையா?" என்றார்.

"ஆமா சார்."

"சம்பத், இந்தம்மா சொல்றது சரியா?"

சம்பத் சார் ஜன்னலை விட்டுத் திரும்பினார். பிறகு, "டிட்டோ போடச் சொன்னது நான் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் கடைசி வரைக்கும் மதித்தேன்.

எம்.டி. அன்வர் பாயைப் பார்த்து, "நீ போ, வேலையைப் பாரு" என்றார். எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லாமலே அரை மணி நேரம் வைத்து வாங்கினார். அதில் ஒரு வார்த்தை கூட இங்கே எழுதுவதாக இல்லை.

பையரின் சென்னை ஆபீசுக்கு நானே போன் செய்து, பழைய பட்டியல் தப்பு, பார்க்காமல் எழுதியது என்று சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் பாராட்டவெல்லாம் இல்லை. "இதை ரைட்டிங்ல அனுப்புங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். லைன் செவ்வாய்க்கிழமைதான் திறந்தது. கப்பல் போய்விட்டது. கன்டெய்னர் அடுத்த வாரக் கப்பலில் போனது. ஒரு வருஷத்துக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாகக் கேட்டு எடுத்த பட்டியலை அனுப்ப வேண்டும் என்று தண்டனை. அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் வரவில்லை. சம்பத் சார் பத்து நாள் என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானே டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

8. கட்டளைக்குத் தெரியாதது

இப்போது இதற்கெல்லாம் நல்ல நல்ல சாஃப்ட்வேர் வந்துவிட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் நூறு சர்வரின் வெர்ஷனும் கலர் கலராக வந்து நிற்கிறது. நல்லதுதான். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டளை என்பது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத்தான் கண்டுபிடிக்கும். ஆஃப் செய்து துணி போட்டு மூடியிருப்பதை அதனால் பார்க்க முடியாது. அதை அங்கே வேலை செய்கிற ஆள்தான் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போய்விடும் என்று நினைக்கிறவர் சொல்ல மாட்டார்.

அன்வர் பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தி அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே ஃபேக்டரி முழுக்கப் பரவிவிட்டது. புதன்கிழமை பேரணாம்பட்டில் இருந்து டில்லி போன் செய்தார். ஸ்டோர்ஸ் பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, மாசக் கடைசியில் மட்டும் போடுவோம், அதையும் பார்த்துவிடுங்கள் என்றார். வியாழக்கிழமை சாம்பிள் ரூம் டிசைனர் தயங்கித் தயங்கி வந்து, தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார், அதற்குள்ளும் ஒரு குட்டி சர்வர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அன்வர் பாயே வந்தார். கோடௌனில் அளவு ரூமின் பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறதாம், மெஷின் ரிப்பேர் ஆகும்போது எடுத்து மாட்டுவார்களாம்.

"முன்னாடி சொல்லலாமான்னு பயமா இருந்துச்சு மேடம்" என்றார்.

பட்டியலில் எழுதிக்கொண்டேன். பதினான்கு. அந்த வாரம் வந்து சேர்ந்த மூன்றும் நான் கூப்பிட்டபோது பதில் சொன்னவை இல்லை. ஆட்கள் தாங்களாகவே முன்வந்து சொன்னவை.